நாலாவது ஆள்

உக்காருங்க தம்பி, நீங்களும் காங்கேயந்தானுங்களே போறீங்க? நானும் அங்கதானுங்க. நல்லதாப் போச்சு, பேச்சுத் தொணைக்கு ஆச்சு. இந்த பஸ்ஸு ஒவ்வொரு புளியமரத்துக்கும் நின்னு நலம் விசாரிச்சுட்டுத்தான் போவும்.

உங்களைப் பாத்தா படிச்சவரு மாதிரி தெரியுது. ஒரு ஞாயம் கேக்கறேன், சொல்லுங்க. ஒரு மனுசன் குடும்பத்தை மலேசியா, சிங்கப்பூருன்னு கூட்டிக்கிட்டுப் போறான். போறதுக்கு மின்னாடி கோயமுத்தூருக்கும் கரூருக்குமா அலையா அலைஞ்சு, பாத்துப் பாத்து ஒரு கேமரா வாங்கறான். படமா எடுத்துத் தள்ளறான். ஒண்ணு கூட ஆடலைங்க, ஒண்ணு கூட மங்கலைங்க. அப்படியாப்பட்ட மனுசனை வுட்டுப்போட்டு பொண்டாட்டி பொறந்த ஊட்டுல போயி உக்காந்துக்கிட்டா, அது ஞாயமுங்களா? இல்லீங்களே. நீங்க ஒத்துக்கறீங்க, அவ ஒத்துக்க மாட்டேங்கறா.

எம்பேரு சென்னியப்பனுங்க. கரூரு பைபாஸுல எடை மேடை வெச்சிருக்கறேன். லோடு லாரி ஏறி நின்னு எடை போட்டு சீட்டு வாங்கிட்டுப் போவுமில்லீங்களா, அது. எங்க தொழில்ல சட்டம் ஒண்ணே ஒண்ணுதான். எடை போடறப்ப டிரைவரு எறங்கிக்கணும், கிளீனரும் எறங்கிக்கணும், வண்டி மட்டுந்தான் மேடையில நிக்கணும். விடிஞ்சதுல இருந்து பொழுது சாயற வரைக்கும் எறங்கி நில்லுங்க, எறங்கி நில்லுங்கன்னு கத்திக் கத்தியே பழகுன வாய் எனக்கு. ஊட்டுலயும் அப்படியே வந்துருது. அதையும் ஒரு குத்தமாச் சொல்றா.

வசந்தாமணிங்கறது என் ஊட்டுக்காரிங்க. பொண்ணு வாணி, பையன் தரணி. நாங்க நாலே பேருதான். வாணிக்கு மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்ச ஒடனே வசந்தாமணிதான் சொன்னா, அவ இன்னொரு ஊட்டுக்குப் போறதுக்கு மின்னாடி நாம நாலு பேரும் ஒருக்கா வெளிநாடு போயிட்டு வந்தரலாங்க, நாலு பேரும் சேந்து நிக்கற மாதிரி ஒரு படம் எடுத்து வாசக்கதவுக்கு நேரா மாட்டோணுமுங்கன்னு. ஏன்னா எங்க கல்யாணப் படத்தை வுட்டா எங்க ஊட்டுல நாங்க இருக்கற படமே கெடையாதுங்க. ஏன் கெடையாதுன்னு கேளுங்க.

எங்க குடும்பத்துல மூணு பேரு சேந்து படம் எடுக்க மாட்டமுங்க. எடுத்தா நடுவுல நிக்கறவருக்கு ஆவாது. சிரிக்காதீங்க தம்பி, கண்ணால பாத்தது. எங்க சித்தப்பா எளவட்டத்துல ரெண்டு சினேகிதங்களோட பழனி அடிவாரத்துல நின்னு படம் எடுத்துக்கிட்டாரு. இவருதான் நடுவுல. செத்துப் போயிட்டாருங்க. எப்பவா? போன ஆடியில. வயசு எண்பத்தி மூணு. அதுக்கென்னங்க, செத்தாரா இல்லீங்களா? ரெண்டு பக்கமும் நின்னவீங்களா? அவீங்க இவருக்கு ரொம்ப மின்னாடியே போயிட்டாங்க. அது வேற விசயம், அவீங்களுக்குச் சர்க்கரை.

எனக்கு இந்த மூட நம்பிக்கையெல்லாம் சுத்தமாக் கெடையாதுங்க. ஆனா நமக்கு எதுக்கு வம்பு?

இப்பக் கணக்குப் போடுங்க. நாலு பேரு குடும்பம். ஒருத்தரு கேமராவைப் புடிச்சாகணும். மிச்சம் எத்தனை பேரு? பாத்தீங்களா! எந்தப் பக்கம் திரும்புனாலும் மூணுதான் வருது. இத்தனை பெரிய கேமரா கம்பெனிக்காரங்க, ஒருத்தனாச்சும் இதைப் பத்தி அட்டைப்பொட்டியில ஒரு வரி எழுதியிருக்கறானா?

வசந்தாமணி கேட்டது ரொம்ப சின்ன விசயமுங்க. "பெருசா வேண்டாமுங்க. கைக்கு அடக்கமா, எனக்கும் அமுக்கத் தெரியற மாதிரி ஒண்ணு வாங்குங்க, போதும்"னா. நானும் வரட்டுமான்னா. கேமரா வாங்கற எடத்துல உனக்கு என்ன வேலைன்னுட்டு நான் மட்டும் போனேன்.

கோயமுத்தூருல ஒரு பெரிய கடை. கடைக்காரரு ஆறேழு சின்னக் கேமராவை வரிசையா அடுக்கி வெச்சுக்கிட்டு மெகா பிக்சலு, மெகா பிக்சலுங்கறாரு. நான் கேட்டேன், அதெல்லாம் இருக்கட்டுமுங்க, இது எத்தனை கிராமு? மனுசன் முழிக்கறாரு. நாள் பூராவும் கழுத்துல தொங்கற சாமான், எடை தெரிய வேண்டாமுங்களா? அப்பறம் அட்டையைப் பாத்து, நூத்தி நாப்பது கிராமுன்னு படிச்சாரு. அட்டையில எழுதுனதை நம்பறவன் எடை மேடை வெச்சுப் பொழைக்க முடியுமுங்களா தம்பி? பக்கத்துல ஒரு சுவீட் ஸ்டால் இருந்துச்சு. வாங்க போலாம்னு கடைக்காரரையும் கேமராவையும் கூட்டிக்கிட்டு அங்க போயிட்டேன். தராசுத் தட்டுல இருந்த மைசூர்பாவை எடுத்துட்டு அதே தட்டுல கேமராவை வெச்சுப் பாத்தா, நூத்தி அறுபத்தஞ்சு. எப்படீங்கன்னு கேட்டேன். பேட்டரி போட்டிருக்குதுங்கன்னாரு. ஆக அவரு சொன்னது வெறும் வண்டி எடை, இது லோடு வண்டி எடை. இப்படித்தானுங்க ஊரை ஏமாத்தறாங்க. அந்தக் கேமராவுல கடைசி வரைக்கும் நெய் வாசம் போவலைங்கறது தனி.

அப்பறம் சட்டைப் பையில போட்டுக் குனிஞ்சு பாத்தேன், வுழுகுதான்னு. கடை வாசல்ல நின்னு எதுத்தாப்ல போற பஸ்ஸோட போர்டை ஜூம் போட்டு இழுத்துப் பாத்தேன். இப்படியே நாலு நடை போயிட்டேனுங்க அந்தக் கடைக்கு. நாலாவது நடையில, நீங்களா எதையாச்சும் ஒண்ணை எடுத்துக்கிட்டுப் போயிருங்கன்னு அந்த மனுசன் கையெடுத்துக் கும்புட்டாரு. அப்பத்தான் பேச்சோட பேச்சா ஒரு வார்த்தை சொன்னாரு. இதுல டைமரு இருக்குதுங்க, அமுக்கிட்டுப் போயி நின்னுக்கிட்டா பத்து செகண்டுல அதுவே எடுத்துக்கும்னாரு. எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி ஆயிருச்சு. அதுவே எடுத்துக்கிட்டா? புடிக்கறதுக்கு ஆளே வேண்டாம்! நாலு பேரும் நிக்கலாம்! இதை மொத நாளே சொல்லியிருக்கலாமில்லீங்கன்னு அவரைச் சத்தம் போட்டுட்டு, அங்கயே கல்லா மேல வெச்சு ஒரு படம் எடுத்தேன். நானு, கடைக்காரரு, கேமரா வாங்க வந்திருந்த ஒரு புருசன் பொண்டாட்டி. நாலு பேரு. என்ன அழகா வந்துச்சுங்கறீங்க. இன்னும் அதை நான் அழிக்கலை.

ஊட்டுக்கு வந்து சொன்னேன், வசந்தாமணி, நாலு பேரும் நிக்கப் போறம்னு. அவ மொகத்தைப் பாக்கணுமே. அன்னிக்கே போயி அரக்குக் கலர்ல ஒரு பட்டுச்சேலை எடுத்துட்டு வந்தா. வெளிநாட்டுல வெச்சு எடுக்கற படத்துக்குன்னு.

இனித்தான் விசயத்துக்கு வர்றேன்.

கோலாலம்பூருல ரெட்டைக் கோபுரம் இருக்குதில்லீங்களா, அங்கதான் மொதப் படம். ஒரு குட்டிச் சொவுரு மேல கேமராவை வெச்சேன். கோபுரம் முழுசா வரணும்னா நாங்க ரொம்ப தூரம் தள்ளி நிக்கணும். டைமரை அமுக்கப் போனவனுக்கு மனசுல ஒரு ஓசனை. அன்னிய நாடு. பத்து செகண்டு. சொவுத்து மேல கேமரா அனாதையா ஒக்காந்திருக்குது. எவனாச்சும் லவட்டிக்கிட்டு ஓடிட்டா? நான் சொன்னேன், வசந்தாமணி, நீ கொஞ்சம் எறங்கி கேமராகிட்ட நில்லுன்னு. அவ்வளவுதானுங்க சொன்னேன்.

அவ நின்னா. நான் அமுக்கிட்டு ஓடியாந்து புள்ளைங்க பக்கத்துல நின்னேன். செகப்பு லைட்டு மினுக்கு மினுக்குங்குது. வாணி சொல்றா, "அப்பா, இப்ப மூணு பேருப்பா." நடுவுல ஆரு? எம்பையன்! கண்ணை மூடிக்கிட்டு அந்தப் பக்கமாப் போன ஒரு சீனாக்காரப் பெரியவரைக் கையைப் புடிச்சு இழுத்துத் தோள்ல கையைப் போட்டு நிறுத்திட்டேன். க்ளிக். தப்பிச்சோம். அந்தப் பெரியவருக்கு ஒண்ணும் புரியலை, பாவம், ஆனா சிரிச்ச மொகமா நின்னாரு. நல்ல மனுசன்.

வசந்தாமணி கேட்டா, "நான் இங்க சும்மாதானுங்க நிக்கறேன், அந்தப் பொத்தானை நானே அமுக்கிர்றனே, நீங்க எதுக்கு அத்தனை தூரம் ஓடறீங்க?" நான் சொன்னேன், அப்ப டைமரு எதுக்குடி வாங்குனது?

தரணி ஒண்ணு சொன்னான். அந்தப் பெரியவரையே படம் புடிக்கச் சொல்லிட்டு நாம நாலு பேரும் நிக்கலாமேப்பான்னான். இஞ்சினீயருக்குப் படிக்கறானுங்க. நான் கேட்டேன், ஏன்டா, முன்னப் பின்ன தெரியாதவன் கையில கேமராவைக் குடுத்துட்டு, நாம தூரமாப் போயி வரிசையா நின்னு பல்லைக் காட்டோணுமா? அவன் ஓடிட்டான்னா? நம்ம பக்கத்துல, நம்ம கைக்குள்ள நிக்கறவன் எப்படிடா ஓடுவான்?

என்னங்க? நான் கேமராகிட்ட நின்னுக்கிட்டு அவளை அங்க நிறுத்தியிருக்கலாமேங்கறீங்களா? எல்லாரும் இதையேதான் கேக்கறீங்க. தம்பி, டைமரை அமுக்குனவங்க ஓடோணும். சேலையைக் கட்டிக்கிட்டு அவளால ஓட முடியுமுங்களா? நீங்களே சொல்லுங்க.

வெள்ளகோயிலு தாண்டிட்டமா? சரி.

அப்பறம் போன எடமெல்லாம் இப்படித்தான். ஒரு எடத்துல தலப்பாக் கட்டுன சர்தாரு. ஒரு எடத்துல ஓட்டல் காவலாளி. தேனிலவுக்கு வந்த ஒரு புது மாப்பிள்ளை கூட நின்னானுங்க, அவனோட புதுப்பொண்ணு கேமரா பக்கத்துல வசந்தாமணிகூடப் பேசிக்கிட்டு நின்னுச்சு. பத்துமலையில எத்தனை ஒசரமான முருகன் சிலை! அங்க ஆளே கெடைக்கலை. முருகனையே நாலாவதா வெச்சுக்கலாமான்னு ஓசனை பண்ணிக்கிட்டிருந்தேன். சாமியை ஆள் கணக்குல சேக்கறது தப்பில்லையேன்னு வசந்தாமணியையே கேட்டேன். "சாமியவே சேத்திக்கறீங்க, என்னையத்தான் சேத்திக்க மாட்டீங்க"ன்னா. வெயில்ல நின்னதுல அவளுக்கு ஒரு எரிச்சலு.

அதுக்கப்பறந்தான் உமையாள் டீச்சரு கெடைச்சாங்க. எங்க கூட டூருக்கு வந்திருந்த காரைக்குடி அம்மா, ரிட்டையரு டீச்சரு, தனியா வந்திருந்தாங்க. நாலாவது ஆளா நிக்கறதுக்குன்னே பொறந்தவங்க மாதிரி. நேரா நிப்பாங்க, கண்ணை மூட மாட்டாங்க, க்ளிக்குங்கற நேரத்துல கரெக்டா சிரிப்பாங்க. எனக்குத் தெருத்தெருவா ஆள் புடிக்கற வேலை மிச்சம். சிங்கப்பூருல சிங்கம் தண்ணி கக்குதில்லீங்களா, அங்க, பறவைப் பண்ணையில, ரோப் காருல, படகுல, எல்லாத்துலயும் அவங்கதான். கையில பை இருந்தா படத்துக்கு நல்லா இல்லைன்னு டீச்சரோட கைப்பையையும் வசந்தாமணிகிட்டயே குடுத்துர்றது.

ஊருக்கு வந்து எல்லாத்தையும் பிரிண்டு போட்டுத் தடியா ஒரு ஆல்பம் பண்ணுனேன். வசந்தாமணி அடுப்பை அணைச்சுட்டு வந்து ஒக்காந்து, மொதப் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் ஒண்ணு வுடாமப் பாத்தா. எப்படி இருக்குதுன்னேன். "நல்ல குடும்பம்"னா. நானும் ஆமான்னேன்.

இத்தோட வுட்டிருந்தா ஒண்ணுமில்லீங்க. பெருந்துறையில இருந்து வாணிக்கு ஒரு சம்மந்தம் வந்துச்சு. நல்ல எடம். தரகரு பொண்ணு போட்டோ கேட்டாரு. ஸ்டூடியோ படத்துல ஒரே பவுடருங்க, இதுலதான் பொண்ணு இயல்பா இருக்குதுன்னு அந்த ஆல்பத்தையே குடுத்தனுப்பிட்டேன். அவீங்களுக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. ஒரு ஞாயித்துக்கெழமை பொண்ணு பாக்க வந்தாங்க.

மாப்பிள்ளையோட அம்மா தங்கமானவங்க. வந்து ஒக்காந்தாங்க. வசந்தாமணி அந்த அரக்குப் பட்டைக் கட்டிக்கிட்டு தட்டுல தண்ணி கொண்டாந்து நீட்டுனா. அந்தம்மா தண்ணியை வாங்கிக்கிட்டு, அக்கம்பக்கம் பாத்துட்டு இவகிட்டயே கேக்கறாங்க, "ஏனுங்கம்மா, பொண்ணோட அம்மா எங்கீங்க? ஆல்பத்துல பாத்தமே, சிரிச்ச மொகமா, கண்ணாடி போட்டுக்கிட்டு. அவீங்களை வரச் சொல்லுங்க."

நான் சும்மா இருப்பனுங்களா? ஒடனே எந்திரிச்சு எல்லாத்தையும் வெளக்கமாச் சொன்னேன். நாலு பேரு, ஒருத்தரு புடிச்சா மூணு, அதுக்குத்தான் டைமரு, செகப்பு லைட்டு, பத்து செகண்டு, காவலுக்கு ஒரு ஆளு, அதனால வெளியாளு ஒருத்தரு. கேமராவையே உள்ள இருந்து எடுத்தாந்து ஒருக்கா ஓட்டியும் காட்டுனேன். மாப்பிள்ளை பையனுக்கு அந்த மாடலு ரொம்பப் புடிச்சுப் போச்சுங்க, எங்க வாங்குனீங்கன்னு கேட்டாரு. எல்லாஞ் சொன்னேன். தட்டைப் புடிச்சுக்கிட்டு நிக்கறவதான் அம்மான்னு மட்டும் தனியாச் சொல்லலை. அதை எதுக்குச் சொல்லோணும்? ஊருக்கே தெரியுமே.

வாணிதான் உள்ள இருந்து எந்திரிச்சு வந்தா. வர வேண்டிய நேரம் கூட ஆவலை. அவங்கம்மா கையைப் புடிச்சுக்கிட்டு, "இவங்கதானுங்க எங்கம்மா"ன்னா. அந்தம்மா பாவம், பதறிப்போயி எந்திரிச்சு வசந்தாமணியைக் கட்டிக்கிட்டாங்க. தப்பா நெனைக்காதீங்க, தப்பா நெனைக்காதீங்கன்னு அத்தனை தரம் சொன்னாங்க. சம்மந்தம் முடிவாயிருச்சு. வர்ற புதன்கெழமை நிச்சயமுங்க.

அவீங்க கெளம்புனதும் வசந்தாமணி டம்ளரெல்லாம் கழுவிக் கவுத்துனா. சேலையை மாத்துனா. ஒரு பையை எடுத்தா. எங்கயோ கடைக்குப் போறான்னுதான் நெனச்சேன். வாசல்ல நின்னு சொல்றா, "நிச்சயத்துக்கு அந்த டீச்சரையே வரச் சொல்லுங்க. படத்துல நின்னவங்கதான சபையிலயும் நிக்கோணும்." சொல்லிப்போட்டு காங்கேயத்துல அவ அண்ணன் ஊட்டுக்குப் போயிட்டா. மச்சான் நாச்சிமுத்துக்கு போன் போட்டேன். "மாப்ள, அவளுக்குக் கோவமில்லை, அதுதான் எனக்குப் பயமா இருக்குது"ங்கறாரு. புரியுதுங்களா உங்களுக்கு? எனக்கும் புரியலை. ஆனா ஒண்ணு தெரியுமுங்க. அவ சபையில வந்து நிக்கலைன்னா அவீங்க தட்டு மாத்த மாட்டாங்க. எம்பொண்ணு கல்யாணம் அந்தரத்துல நிக்குது.

சொல்றதுக்கென்னங்க, அவ இல்லாத ஊட்டுல எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. ஒரு நாள் ஒக்காந்து ஆல்பத்தைப் பூராப் பொறட்டுனேன், அவ எங்கயாச்சும் இருக்கறாளான்னு. ஒரு படத்துல அவ நெழலு தரையில நீளமா வுழுந்திருக்குது. இன்னொண்ணுல பின்னாடி கடைக் கண்ணாடியில ரெண்டு கைப்பை தெரியுது, அதைப் புடிச்ச கையி அவளுது. வளையலு கூடத் தெரியுதுங்க, அத்தனை தரமான கேமரா அது.

ஆனா நான் சும்மா ஒக்காந்திருக்கலை. கோளாறு எங்கன்னு கண்டுபுடிச்சிட்டேன். காவலு! காவலுக்கு ஆளே வேண்டாம்னா அவளும் நிக்கலாமில்லீங்களா? திரும்பக் கோயமுத்தூரு போனேன். என்னையப் பாத்ததும் கடைக்காரரு உள்ளுக்குள்ள போயிட்டாரு, அவங்க அண்ணன்தான் எடுத்துக் காட்டுனாரு. இந்தா, இந்த மடியில இருக்கற புதுக் கேமரா அதுதான். இதுக்கு ரிமோட்டு இருக்குதுங்க, நின்ன எடத்துல இருந்தே அமுக்கலாம், ஓடவே வேண்டாம். ஓரத்துல ஒரு ஓட்டை தெரியுதுங்களா? கயிறு மாட்டறதுக்காமா. நான் அதுல சைக்கிள் பூட்டுச் செயினு ஒண்ணைக் கோத்திருக்கறேன். கம்பத்துல சுத்திப் பூட்டிட்டா எந்த நாட்டுக்காரனும் அசைக்க முடியாது. எடையா? செயினோட சேத்து ஒண்ணே கால் கிலோ வருது. வந்துட்டுப் போவுது. இதைக் காட்டுனா அவ வந்துருவா தம்பி. வராம இருப்பாளா?

கொஞ்சம் இருங்க, போனு அடிக்குது.

ஆரு, வாணியா? சொல்லு கண்ணு. நான் பஸ்ஸுல இருக்கறன் சாமி, காங்கேயத்துக்குள்ள நொழைஞ்சாச்சு, ஒரே நெரிசலு. நீ எங்க இருக்கற? காங்கேயத்துலயா? கோயிலுக்குன்னு சொல்லிட்டுத்தான போனீங்க ரெண்டு பேரும்? எங்க? ஸ்டூடியோவுலயா? பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்லயா? எத்தனை பேரு? எத்தனை பேருன்னு கேக்கறேன், சொல்லு. நடுவுல ஆரு? நடுவுல ஆரு கண்ணு? நெசமாவா? அட, அங்கயே இருங்க. ஆரும் நகரக் கூடாது, நான் வர்றேன்.

கேட்டீங்களா தம்பி? மூணு பேரா நின்னு படம் எடுத்துட்டாங்களாம். மூணு பேருங்க! புள்ளைங்க ரெண்டும் ரெண்டு பக்கம், நடுவுல அவ. வாணி வேண்டாம்னுதான் சொல்லியிருக்கறா. நடுவுலதான் நிப்பேன்னு இவளாப் போயி நின்னாளாமா. ஸ்டூடியோக்காரரு கேட்டாராமா, வீட்டுக்காரரு வரலீங்களான்னு. "அவரு கேமராவுக்குக் காவலு நிக்கறாருங்க"ன்னாளாமா.

எனக்கு இதுலயெல்லாம் நம்பிக்கை கெடையாதுங்க. ஆனா அவளுக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா நான் என்னங்க பண்ணுவேன்? எனக்கு அவளை வுட்டா ஆரு இருக்கறா?

பிரிண்டு வர நேரமாவுமாம், இன்னும் அங்கயேதான் ஒக்காந்திருக்கறாங்களாம். அதுக்குள்ள போயி நான் நாலாவதா நின்னு இன்னொரு படம் எடுத்துட்டா மொதப் படம் செல்லாது. எங்க எடை மேடையில அப்படித்தான், ரெண்டாவது எடை போட்டாச்சுன்னா மொத சீட்டு கணக்குல வராது. ஏனுங் கண்டக்டரே, கதவைத் தெறங்க! பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒக்காந்திருக்க எனக்கு நேரமில்லை, எறங்கி ஓடிக்கறேன். தம்பி, இதைத் தூக்கிக்கிட்டு என்னால ஓட முடியாது, நீங்க புடிங்க. ரிமோட்டு, செயினு, சாவி எல்லாம் பொட்டிக்குள்ளயே இருக்குது. எங்க கொண்டாந்து குடுக்கறதா? குடுத்தாக் குடுங்க, குடுக்காட்டிப் போங்க. மொதல்ல காலை ஒதுக்கி வழியை வுடுங்க தம்பி, அங்க எம்பொண்டாட்டி நடுவுல நிக்கறா.